கல்லூரியில் கொடுத்த புகார் எங்கே போகிறது? ஐந்து வாரமாகப் பதில் இல்லை

தறிச்சத்தம்:

வணக்கம். என் தம்பி ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் பிசிஏ இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறான். அப்பா தறி ஓட்டுகிறவர். தை மாதம் பக்கவாதம் வந்து படுத்தவர் இன்னும் தறிக்குப் போகவில்லை. இன்னும் ஒரு வருடம் பிசிஏ ஃபீஸ் கட்டுவதைவிட, லேப் டெக்னீஷியன் டிப்ளமோவில் சேர்ந்தால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்று தம்பியே முடிவு செய்தான்.

அவனுடைய பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்‌ஷீட், டிசி எல்லாம் கல்லூரி ஆபீஸில் இருக்கின்றன. கேட்டால், "மூன்றாம் ஆண்டு ஃபீஸையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். இதுவரை படித்த இரண்டு வருடத்துக்கு ஒரு ரூபாய்கூட பாக்கி கிடையாது.

முதல்வரிடம் நேரில் போய் மனு கொடுத்தோம். வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டார். ஐந்து வாரம் ஆகிவிட்டது. போன் செய்தால் "கமிட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று மட்டும் சொல்கிறார்கள். கமிட்டியில் யார் இருக்கிறார்கள், எப்போது கூடுவார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. புது இடத்தில் ஒரிஜினல் காட்ட இன்னும் 24 நாள்தான் இருக்கிறது. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

பழையகோப்பு:

அம்மா, நான் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். கடைசி ஒன்பது வருடம் மாணவர் மனுக்கள் என் மேஜை வழியாகத்தான் போய்வந்தன. உங்கள் மனுவுக்கு என்ன நடந்திருக்கும் என்று என்னால் கிட்டத்தட்டச் சொல்ல முடியும்.

மனு தபால் பிரிவுக்கு வந்தால் ஒரு எண் விழும். பதிவாளர் ஓரத்தில் "உரிய நடவடிக்கைக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். செக்‌ஷனுக்கு வந்ததும், சம்பந்தப்பட்ட துறைத் தலைவரிடம் விளக்கம் கேட்கலாம் என்று நாங்கள் நோட் போடுவோம். துறைத் தலைவர் யார்மேல் புகாரோ அவரையே கூப்பிட்டு, "ஒரு பதில் எழுதிக் கொடுங்க" என்பார். குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று அரைப் பக்கம் வரும். அதைக் கோர்த்து, "பார்வையிடப்பட்டது, கோப்பில் வைக்கலாம்" என்று எழுதி மேலே அனுப்புவோம். அங்கே கையெழுத்தாகிவிடும். மனு கொடுத்த பிள்ளைக்கு ஒரு வரிகூடப் போகாது.

இத்தனை வருடத்தில் "உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது" என்று எழுத்தில் போன கடிதங்களை விரல்விட்டு எண்ணலாம். எழுத்தில் மறுத்தால் அதை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள் என்று பயம். பதிலே கொடுக்காவிட்டால் கையில் காட்ட எதுவும் இருக்காது, பிள்ளை அலைந்து அலைந்து ஓய்ந்துவிடும். இப்படிக் கோப்பில் போனவற்றில் என் கையெழுத்தும் இருக்கிறது. அது இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால்தான் இங்கே வந்து எழுதுகிறேன்.

சரி, உங்கள் விஷயம். பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளை வெளியிட்டது. எதெல்லாம் புகாராகக் கொடுக்கலாம் என்று அதில் விளக்கியிருக்கிறார்கள். தொடர விரும்பாத படிப்புக்குக் கட்டணம் கட்ட வைப்பதற்காகச் சான்றிதழைப் பிடித்து வைப்பது அதில் அப்படியே இருக்கிறது. உங்கள் தம்பியைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். கல்லூரியில் ஒரு பேராசிரியர் தலைமையில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் ஒருவராவது இருக்க வேண்டும். புகார் வந்து 15 வேலைநாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அதன் நகலை மாணவருக்கும் கொடுக்க வேண்டும்.

முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் எனும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். கெடுவுக்குள் தீராத புகாரையும் அவருக்கு அனுப்ப விதியில் இடம் இருக்கிறது. அவர் 30 நாளுக்குள் முடித்துவைக்க வேண்டும். அவர் கல்லூரி ஆள் இல்லை, பல்கலைக்கழகம் நியமிப்பவர். இணைவுக் கல்லூரி மாணவர்களும் அவரிடம் போகலாம்.

முதலில் இதைச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த மனுவின் நகலில் சீல் வாங்கினீர்களா?

தறிச்சத்தம்:

இல்லை ஐயா. கேட்கத் தோன்றவே இல்லை. கேட்டால் கோபப்படுவார்களோ என்று அம்மா வேறு பயந்தார். நகல்கூட இல்லை, தம்பி போனில் எடுத்த போட்டோதான் இருக்கிறது.

பழையகோப்பு:

போட்டோ இருக்கிறதே, அதுவே பெரிது. ஆனால் கல்லூரியைப் பொறுத்தவரை உங்கள் மனு இன்னும் பிறக்கவே இல்லை. நாளைக்கே புதிதாக ஒன்று எழுதுங்கள். "இன்ன தேதியில் நேரில் கொடுத்த மனுவின் தொடர்ச்சி" என்று மேலே போட்டு, போட்டோவைப் பிரின்ட் எடுத்து இணையுங்கள். தபாலில் அனுப்புங்கள். பதிவஞ்சலை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்பீட் போஸ்ட்டே போதும். முதல்வருக்கு ஒன்று, பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒன்று, குறைதீர்ப்பாளர் பெயர் பல்கலைக்கழக இணையதளத்தில் இருந்தால் அவருக்கு ஒன்று. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். டெலிவரி ஆன பக்கத்தையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். கல்லூரி இணையதளத்தில் புகார் போர்ட்டல் இருந்தால் அதிலும் போடுங்கள்.

மனு ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும். அப்பாவின் உடல்நிலையை ஒரு வரியில் சொன்னால் போதும். என்ன சான்றிதழ், எந்தத் தேதியில் ஒப்படைத்தது, எந்தத் தேதியில் திருப்பிக் கேட்டது, யார் என்ன சொன்னார், எந்தத் தேதிக்குள் வேண்டும். இரக்கம் கேட்டு எழுதும் மனுவுக்கு இரக்கப்பட்டு நிறுத்திக்கொள்வார்கள். தேதி போட்டு எழுதும் மனுவுக்குப் பதில் தயாரிக்க வேண்டும் என்று செக்‌ஷனில் தோன்றும். இது நான் கண்ணால் பார்த்தது.

சாயங்காலவகுப்பு:

நான் ஓர் உதவிப் பேராசிரியர். எங்கள் கல்லூரியில் இதே குறைதீர்ப்புக் குழுவில் இரண்டு வருடம் உறுப்பினராக இருந்தேன். இங்கே எல்லாரும் குழுவைத் திட்டுவீர்கள் என்று தெரியும். அந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்களைக் குழுவில் போட்டது ஒரு சர்க்குலர் மூலம்தான். பயிற்சி கிடையாது, வேலைப்பளுவில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்கவில்லை. வந்த புகார்களில் ஒரு பங்கு இன்டர்னல் மார்க் பற்றியவை. அவற்றில் சில நியாயமானவை, சில வருகைப்பதிவு 60 விழுக்காடு வைத்துக்கொண்டு முழு மார்க் கேட்டவை. கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதங்களும் வரும். யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது?

இன்னொன்று. ஒரு மாணவி கட்டணம் பற்றிக் கொடுத்த புகாரில், கல்லூரி கூடுதலாக வாங்கியது தவறு, திருப்பித் தர வேண்டும் என்று நாங்கள் எழுதினோம். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். அறிக்கை தாளாளர் அறைக்குப் போனது. அடுத்த செமஸ்டரில் குழுத் தலைவருக்கு வேறு பொறுப்பு கொடுத்துவிட்டார்கள். எனக்கு இன்க்ரிமென்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது. காரணம் எழுத்தில் இல்லை. மாணவருக்கு நியாயம் சொல்ல வேண்டிய நாங்களே மாதச் சம்பளத்துக்கு அந்த நிர்வாகத்தை நம்பி இருக்கிறோம். எங்கள் புகாரை எங்கே கொடுப்பது? 2023 விதிமுறை மாணவர்களுக்கு மட்டும்தான்.

அந்த மாணவிக்குப் பணம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. அவருடைய மாமா வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிய பிறகு.

கொடிமுல்லை:

சார் சொல்வது முழுக்க உண்மை. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். சேரும்போதே பிஇ, எம்இ ஒரிஜினல் அத்தனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாணவர்களுக்கு மட்டும் நடக்கும் கொடுமை இல்லை இது. தமிழ்நாட்டுத் தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் ஒரு கதை இருக்கும்.

வேறு வேலை கிடைத்து ராஜினாமா கொடுத்தபோது, செமஸ்டர் நடுவில் போகக் கூடாது, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டு என்றார்கள். அந்த வருடம் நான்கு மாதச் சம்பளம் எங்களுக்கே பாக்கி. நோ டியூ படிவத்தில் பதினோரு கையெழுத்து வாங்கினேன். லைப்ரரி, லேப், ஹாஸ்டல் எல்லாம் முடிந்து கடைசிக் கையெழுத்துப் போட வேண்டியவரின் அறை வாசலில் 19 நாள் உட்கார்ந்தேன். என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. காலையில் அவளை விட்டுவிட்டுப் போய், சாயந்தரம் வெறுங்கையோடு திரும்பி வருவேன்.

கடைசியில் நடந்தது இதுதான். ஸ்டேஷனில் மனு கொடுத்து, மனு வாங்கியதற்கு அவர்கள் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்கினேன். அந்த ரசீதை இணைத்து வக்கீல் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். சான்றிதழ் ஒன்றும் விற்பனைச் சரக்கு இல்லை, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. அதையும் நோட்டீஸில் குறிப்பிட்டார். எட்டாவது நாள் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்கள். அனுபவச் சான்றிதழ் மட்டும் எட்டு மாதம் இழுத்தது.

தறிச்சத்தம், உங்களுக்கு நாள் குறைவாக இருக்கிறது. ஐயா சொன்ன தபாலோடு சேர்த்து ஸ்டேஷன் ரசீதும் வாங்கிவிடுங்கள். ஒன்று முடியட்டும் அப்புறம் இன்னொன்று என்று காத்திருக்க வேண்டாம்.

ஆசிரியர்களின் ஒரிஜினலைப் பிடித்து வைப்பதற்கு நிர்வாகங்கள் சொல்லும் காரணம், "இல்லையென்றால் வேறு கல்லூரியிலும் பெயர் கொடுத்துவிடுவார்கள்" என்பது. 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டவர்கள் 353 பேர், சம்பந்தப்பட்ட கல்லூரிகள் 224. ஒரிஜினலை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்த காலத்தில்தான் இத்தனையும் நடந்தது. பிறகு எதற்காக அந்தப் பூட்டு?

பி12ஹாஸ்டல்:

அண்ணன், அக்கா எல்லாரும் விதி விதி என்கிறீர்கள். எங்கள் ஹாஸ்டலில் தண்ணீர் சரியில்லை, ஒரே வாரத்தில் முப்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. கையெழுத்தில்லாமல் ஒரு கடிதம் பெட்டியில் போட்டோம். அடுத்த நாள் வார்டன் எல்லாருடைய ரெக்கார்ட் நோட்டையும் வாங்கிக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று பேரை அப்பா அம்மாவோடு வரச் சொன்னார். தண்ணீர் டேங்கை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

சாயங்காலவகுப்பு சார், மொட்டைக் கடிதம் ஏன் வருகிறது என்றால் இதனால்தான். பெயர் போட்டால் பிராக்டிகலில் கை வைப்பார்கள். அந்தப் பயம் போகாமல் நீங்கள் எத்தனை குழு போட்டாலும் பெட்டிக்குள் பெயரோடு கடிதம் விழாது.

சாயங்காலவகுப்பு:

தம்பி, அது நியாயமான கோபம். கையெழுத்தை ஒப்பிட்டவர் செய்தது அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தண்ணீர் விஷயம் முப்பது பேருக்கும் பொதுவானது. முப்பது பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் யார் பிராக்டிகலில் கை வைப்பது? முப்பது பேரையும் ஃபெயில் ஆக்க முடியாது. தனி ஒருவரின் பிரச்சினைக்கு இந்த வழி கிடையாது, அது எனக்கும் தெரியும்.

வெளிஉறுப்பினர்:

நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று கல்லூரிகளின் உள்ளகப் புகார்க் குழுக்களில் வெளியாளாக உட்கார்ந்திருக்கிறேன். பாலியல் தொல்லைப் புகார்கள் வரும் குழு அது. சான்றிதழ்ப் பிரச்சினையோடு கலக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பி12 தம்பி எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2013-ல் வந்தது. கல்லூரிகளுக்கென்று மானியக் குழு தனியாக 2015 விதிமுறைகளையும் கொண்டுவந்தது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்றவர்கள் குழுவில் இருக்கவே கூடாது என்று அந்த விதிமுறை தெளிவாகச் சொல்கிறது. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால், தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் குழுவில் இருக்க வேண்டும். அப்படித் தேர்தல் நடத்திய கல்லூரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் பார்த்தது வேறு. புகார் குழுவுக்கு வரும் முன்பே துறைத் தலைவர் அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்துவிடுவார். "உங்க பொண்ணு எதிர்காலத்தை யோசிச்சுப் பாருங்க சார்" என்பார். கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி வந்த அப்பா, மகள் முகத்தைப் பார்க்காமலே கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று கையெழுத்துப் போடுவார். குழுவின் ஆண்டறிக்கையில் "பெறப்பட்ட புகார்கள்: இல்லை" என்று இருக்கும். அந்தச் சுழியத்தை, கல்லூரிகளுக்குத் தரம் போட வரும் நாக் குழுவிடம் பெருமையாகக் காட்டுவார்கள். புகாரே வராத கல்லூரி நல்ல கல்லூரி என்று மதிப்பெண் போடுகிற வரைக்கும் இது மாறாது. ஒரு புகார்கூட வராத இடத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சமரசம் என்பது சட்டத்தில் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால்தான் அதைச் செய்யலாம், அதில் பணம் கைமாறக் கூடாது. அப்பாவைக் கூப்பிட்டு அழ வைப்பது சமரசம் ஆகாது.

2025 ஜூலையில் ஒடிசாவின் பாலசோரில் ஒரு கல்லூரி மாணவி துறைத் தலைவர்மேல் புகார் கொடுத்து, குழு விசாரித்து, எதுவும் நடக்காமல், கல்லூரி வளாகத்திலேயே தீ வைத்துக்கொண்டு இறந்துபோனார். புகார் போய்ச் சேர்ந்திருந்தது. குழுவும் கூடியிருந்தது. கடைசி வரைக்கும் அந்தப் பெண் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

ரகசியம் காப்பதும் அதே அளவு முக்கியம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடும் தரச் சொன்னது. அங்கே கசிந்தது காவல்துறைக் காகிதம். கல்லூரிகளில் ஆபீஸ் கிளார்க்கின் மேஜையிலேயே இது தினமும் நடக்கிறது. கேட்க நாதியில்லை.

பழையகோப்பு:

அம்மா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. கிளார்க் மேஜை என்று சொன்னீர்கள். அந்த மேஜை என்னுடையதும்தான். எங்கள் காலத்தில் புகார்க் கடிதங்கள் மூடிய உறையில் வராது. திறந்த கோப்பில் டீ கொண்டுவரும் பையன் முதல் எல்லார் கண்ணிலும் பட்டுத்தான் மேலே போகும்.

சாயங்காலவகுப்பு சார் கேட்டதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். குறைதீர்ப்பாளரைப் பல்கலைக்கழகமே நியமிக்கிறது, அமர்வுக்கு இவ்வளவு என்று அதுவே பணமும் தருகிறது. ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது மாவட்ட நீதிபதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. என்னைக் கேட்டால் நீதிபதியைத்தான் போட வேண்டும் என்பேன். நாற்பது வருடம் ஒரே வட்டத்தில் பழகியவர் இன்னொரு முதல்வருக்கு எதிராக எழுதக் கை கூசும். நியமிக்கவே மனமில்லாத இடங்களும் நிறைய. 2023 முடிவதற்குள் நியமிக்கச் சொல்லிக் கெடு கொடுத்திருந்தார்கள். 2024 ஜூனில் மானியக் குழு வெளியிட்ட பட்டியலில், இன்னும் நியமிக்காத பல்கலைக்கழகங்கள் 157. அதில் 108 அரசுப் பல்கலைக்கழகங்கள்.

2023 விதிமுறையில் ஆசிரியர்களுக்கு இடமில்லை என்பது உண்மைதான் சார். அதை மறுத்து எழுத என்னிடம் எதுவும் இல்லை.

பி12 தம்பிக்கு ஒன்று. விடைத்தாள் விஷயம் எப்போதாவது வந்தால், திருத்திய விடைத்தாளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். அங்கே மௌனமாக இருந்தாலும் மேல்முறையீடு உண்டு. சும்மா மறுமதிப்பீடு கேட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. குறிப்பிட்ட முறைகேடோ பாகுபாடோ இருந்தால் அதைக் காட்ட வேண்டும்.

தறிச்சத்தம்:

எல்லாருக்கும் நன்றி. 12 நாள் கழித்து எழுதுகிறேன், வீட்டிலும் ஆஸ்பத்திரியிலுமாக இருந்தேன்.

ஐயா சொன்னபடி ஒரு பக்க மனு, மூன்று ஸ்பீட் போஸ்ட். கொடிமுல்லை அக்கா சொன்னபடி ஸ்டேஷனிலும் மனு கொடுத்தேன். முதலில், "இது காலேஜ் விவகாரம்மா" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அங்கேயே நின்றேன். ஒரு பெண் எஸ்ஐ வாங்கிப் படித்துவிட்டு ரசீது போட்டுக் கொடுத்தார்.

போன வியாழன் பல்கலைக்கழகத்திலிருந்து கல்லூரிக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது, எங்களுக்கும் நகல் வந்தது. நேற்று கல்லூரியிலிருந்தே போன். வரும் திங்கள் காலை 11 மணிக்குக் குறைதீர்ப்புக் குழு விசாரணை, தம்பியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஐந்து வாரமாக இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கமிட்டி இப்போது கூடப்போகிறது. தம்பிக்குப் பேச வராது, அழுதுவிடுவான். நான் பேசலாமா?

பழையகோப்பு:

பேசலாம். மாணவர் நேரில் வரலாம், இல்லையென்றால் ஒருவரைத் தன் சார்பில் அனுப்பலாம் என்று விதியிலேயே இருக்கிறது. தம்பி கையெழுத்தோடு, "என் அக்காவை என் சார்பில் பேச அனுமதிக்கிறேன்" என்று இரண்டு வரி எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அவனும் பக்கத்தில் உட்காரட்டும்.

கல்லூரியில் சேர்ந்தபோது கொடுத்த ரசீது, இரண்டு வருட ஃபீஸ் ரசீதுகள், தபால் ரசீதுகள், சிஎஸ்ஆர், புது இடத்தின் சேர்க்கைக் கடிதம். எல்லாவற்றிலும் இரண்டு நகல், ஒரிஜினலைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். பாதிக் கட்டணம் கட்டினால் போதும் என்று சமரசம் பேசுவார்கள். "எழுத்தில் கொடுங்கள், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். சான்றிதழ் கொடுத்தால், ஒவ்வொன்றையும் எண் பார்த்துச் சரிபார்த்த பிறகு பெற்றுக்கொண்டதாக எழுதுங்கள்.

11 மணி என்றால் 10 மணிக்கே போய்விடுங்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.

சாயங்காலவகுப்பு:

குழுவில் உட்காருபவர்கள் எல்லாரும் உங்களுக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டு போக வேண்டாம் அம்மா. அந்த மேஜையில் ஒருவராவது உங்கள் பக்கம் எழுத நினைப்பார். அவருக்கு எழுத வசதியாகத் தேதிகளை வரிசையாக ஒரு தாளில் போட்டு, ஆளுக்கொரு நகல் கொடுங்கள். எனக்கு அப்படி யாராவது கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தறிச்சத்தம்:

சரி சார். இன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். திங்கள் சாயந்தரம் வந்து என்ன ஆனது என்று சொல்கிறேன்.